50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு ஆறு வருடம்

கேமராவோடு வந்த, 18-லிருந்து 55 மி.மீ. வரை திருகக்கூடிய கிட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் நுழையும் துவாரம் பெரிதாகும்) மாட்டி ஆறு வருடம் ஆகிறது. "இதை வாங்கினால் படம் நல்லா வருமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. எனக்கு முதல் வருடம் முழுக்க வரவில்லை. முன்பைவிட மோசமாகத்தான் வந்தது.

வாங்கியதே அரைகுறை ஞானத்தில்தான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே வைத்துக்கொண்டு படமெடுத்தவர் என்று படித்திருந்தேன். அவரிடம் இருந்தது 35 மி.மீ. ஃபிலிம் போடும் லைக்கா கேமரா. என்னுடையதில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதிவது அந்த ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். அவருக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 40 டிகிரியைக் காட்டிய அதே 50, எனக்கு 27 டிகிரிதான் காட்டும். 75 மி.மீ. லென்ஸ் மாட்டியது மாதிரி. அறைக்குள் நான்கு பேரைச் சேர்த்து எடுக்கலாம் என்று பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கிறது. இதெல்லாம் காசு கொடுத்து வாங்கின பிறகு தெரிந்துகொண்டது.

வெளிச்ச விஷயத்தில் மட்டும் ஏமாற்றம் இல்லை. கிட் லென்ஸை 55-க்குத் திருகினால் அப்பர்ச்சர், அதாவது அந்தத் துவாரம், எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பின்னணி வெண்ணெயாக உருகுவதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் 1.8-லேயே எடுத்துத் தள்ளினேன்.

ஒரு சாயங்காலம் பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நாக்கு நுனி லேசாக வெளியே, ஒரு கண் சுருங்கியிருக்க, ஊசி கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால். பக்கவாட்டில் நின்று பதினெட்டு படம் எடுத்தேன். கேமராவின் குட்டித் திரையில் பதினெட்டும் பிரமாதம். கணினியில் போட்டு நூறு சதவிகிதத்துக்குப் பெரிதாக்கினால், கண்ணாடியின் விளிம்பில் இருக்கும் கீறல்வரை துல்லியம், அதற்குப் பின்னால் கண் மங்கல். ஊசி எங்கே என்றே தெரியவில்லை. சிலதில் கை முழுக்க ஆடியிருந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

லென்ஸில்தான் கோளாறு என்று ஒரு மாதம் புலம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். அழிக்க வைத்திருந்த படங்களை அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கேமரா தன் செட்டிங்குகளைக் குறித்து வைக்கும் எக்ஸிஃப் தகவலைத் திறந்து, ஏன் கெட்டது என்று நோட்டில் ஒரு வரி எழுதினேன். இருநூறைத் தாண்டியதும் அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன், ஆனால் அதற்குள்ளேயே விஷயம் விளங்கிவிட்டது. பாதிக்கு மேல் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/40, 1/60 நொடி. அடுத்து, ஃபோகஸ் வேறெங்கோ விழுந்தவை. லென்ஸின் குறையால் கெட்டது என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவை நாலைந்து இருந்தால் அதிகம்.

ஷட்டர் வேகம் லென்ஸின் மி.மீ. எண்ணுக்குக் குறையக் கூடாது, 50 என்றால் 1/50 நொடி, என்று ஒரு பழைய கணக்கு உண்டு. சின்ன சென்சாரில் அந்த எண் 75, ஆக 1/80-க்குக் கீழே இறங்கக் கூடாது. அதுவும் நம் கை நடுங்குவதற்கான கணக்குதான். எதிரே இருப்பவர் நூல் கோத்தாலோ தலையைத் திருப்பினாலோ அதற்கு இது உதவாது. அதனால் ஐஎஸ்ஓ-வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, கேமராவே ஏற்றி இறக்கும்படி ஆட்டோவில் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்று மெனுவில் பூட்டினேன். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ 3200 வரை ஏறும், நிழலில் மணல் தூவினாற்போல் நாய்ஸ் தெரியும். தெரியட்டும். நாய்ஸ் இருக்கிற படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்வது? ஆறு வருடத்தில் என் படங்களை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால் இந்த ஒரு செட்டிங்தான். லென்ஸ் இரண்டாமிடம்.

ஃபோகஸ் சங்கதியும் கணக்குதான். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் துல்லியமாகத் தெரிவது முன்னும் பின்னுமாகச் சேர்த்து இரண்டரை சென்டிமீட்டர் ஆழம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரமே அதைவிட அதிகம்! கேமராவையே ஃபோகஸ் புள்ளி தேர்ந்தெடுக்க விட்டிருந்தேன், அது தனக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டது. இப்போது ஒற்றைப் புள்ளி, அதை நானே கண்ணின் மேல் வைக்கிறேன். கிட்டத்தில் போனால் எஃப் 4. பின்னணி அப்போதும் போதுமான அளவு கரைகிறது.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது, இன்னமும் சில நேரம் காலை வாரும். காட்டுவது எதுவானாலும் அதை நடுத்தர சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்வது கேமராவின் ஒளி மீட்டரின் குணம். வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சட்டை என்றால் படம் அழுக்குச் சாம்பலாக வரும், எக்ஸ்போஷரை +1 கூட்டினால் சரியாகிவிடும். கறுப்புப் பூனைக்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். திரையை நம்பாமல், இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்க்கிறேன்.

சென்சார் பதிந்ததைக் கேமரா சுருக்காமல், பதப்படுத்தாமல் அப்படியே தரும் ரா கோப்பு பற்றிப் பெரிய சண்டைகள் நடக்கும். எனக்கு அதனால் கிடைத்த லாபம், தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இடம். கேமரா வழக்கமாகத் தரும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14-பிட் ரா கோப்பில் 16,384. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளே போதுமாக இருக்கிறது. பழக இரண்டு மாதம் பிடித்தது, அந்த இரண்டு மாதமும் என் படங்களில் வானம் மயில் கழுத்து நிறத்தில் இருக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

லென்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 45 செ.மீ.-க்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது, பூவின் மகரந்தத்தையெல்லாம் மறந்துவிடலாம். 1.8-இல் இலைகளுக்கு நடுவே வானம் தெரிந்தால் ஓரங்களில் ஊதா நிறம் கசியும். மூன்றாம் வருடம் மழைக்காலம் முழுக்கப் பையிலேயே போட்டு வைத்திருந்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், ஆனால் ஃபோகஸ் வளையம் அன்றிலிருந்து லேசாகக் கரகரக்கிறது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-க்கும் 50 சதவிகிதத்துக்கும் நடுவில் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன்.

சின்ன சென்சார் கேமரா வைத்துக்கொண்டு புதிதாக ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) வாங்கப் போகிறவருக்கு நான் 35 மி.மீ. லென்ஸைத்தான் சொல்வேன். வீட்டுக்குள் அதுதான் தோது. என் 50-ஐ விற்கிற யோசனை இல்லை. ஊசியும் நூலும் மறுபடி எடுத்தேன், எஃப் 4, 1/250, ஐஎஸ்ஓ 3200, புள்ளி வலது கண்ணில். நூலின் பிரிந்த நுனிவரை தெரிகிறது. பாட்டிக்கு மட்டும் அந்தப் படம் பிடிக்கவில்லை, நாக்கு வெளியே தெரிகிறதாம்.