பாரிஸா, லிஸ்பனா: சின்னக் கடைகளைத் தேடித் தனியாகப் போகிறவருக்கு

கையில் ஒரே ஒரு வாரம், அதுவும் தனியாக. கோபுரமும் அரண்மனையும் வேண்டாம். தெருத்தெருவாக நடந்து, சொந்தக்காரரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஏறி இறங்க வேண்டும். அந்த ஆசையோடு சென்ற அக்டோபரில் கிளம்பியபோது மனதில் இரண்டு ஊர்கள் இருந்தன. பாரிஸை முன்பே நான்கு நாள் பார்த்திருந்தேன். போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பன் புதிது. லிஸ்பனுக்கே டிக்கெட் எடுத்தேன். இன்னொரு முறை வாய்த்தாலும் அங்கேதான் போவேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பாரிஸில் செலவு அதிகம். லிஸ்பனில் மேடு அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மெட்ரோ இரண்டு ஊரிலும் உண்டு, இரண்டுமே நம்பகமானவை.

பாரிஸில் சின்னக் கடை தேடுகிறவர் முதலில் போக வேண்டியது கண்ணாடிக் கூரை வேய்ந்த பழைய வணிகச் சந்துகளுக்கு. பாசாஜ் என்பார்கள். நடைபாதை இல்லாத சேற்றுத் தெருக்களிலிருந்தும் குதிரை வண்டிகளிலிருந்தும் தப்பி, நனையாமல் உலாவிக்கொண்டே வேடிக்கை பார்க்க, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. பாசாஜ் தே பனோரமாவில் இன்றும் பழைய தபால்தலை வியாபாரிகள் இருக்கிறார்கள். 1823இல் கட்டப்பட்ட கேலரி விவியெனில் மொசைக் தரையின் ஓரமாக ஒரு பழைய புத்தகக் கடை. மழை நாளில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புத்தகப் பிரியர் என்றால் கேள்வியே இல்லை, பாரிஸ்தான். பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது. பெரிய கடை விலையை வெட்டிச் சின்னக் கடையை விழுங்க முடியாது என்பதால், தனியார் புத்தகக் கடை அங்கே தெருவுக்குத் தெரு உயிரோடு இருக்கிறது.

ஆனால் அந்தச் சந்துகள் கட்டப்பட்டதே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்காக. நான்கு நாளும் நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். தபால்தலை சேகரிக்காதவளுக்குத் தபால்தலைக் கடையில் என்ன வேலை? சாப்பாட்டுக் கடையிலும் கிட்டத்தட்ட அதே கதை. ஒரு சின்ன உணவகத்தில் பாதி மேசைகள் காலியாகக் கிடக்க, "ஒருவர்தானா?" என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். எல்லாக் கடையும் அப்படி இல்லை. 1896இல் தொடங்கிய பூய்யோன் ஷார்த்தியேயில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்து, கணக்கை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுகிறார்கள். லா ஷபெல் பக்கம் போனால் ஈழத்தமிழர் கடைகளில் தனி ஆள் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. கொத்து ரொட்டி சத்தம் தெருவரை கேட்கிறது.

லிஸ்பனை எனக்கு நெருக்கமாக்கியது கடைக் கவுண்டர். அற்பமாகத் தோன்றலாம், ஆனால் தனியாகப் போகிறவருக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. அங்கே பழைய கடை என்றால் ஒரு மரக் கவுண்டர், அதற்குப் பின்னால் ஒரு ஆள், அவருக்குப் பின்னால் கூரைவரை அலமாரி. நாமாக எடுத்துப் பார்க்க வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே பொருளை விற்கும் கடை என்பதால் என்ன கேட்பது என்ற குழப்பமும் இல்லை. ருவா டோஸ் பகல்யோய்ரோஸ், அதாவது காட் மீன்காரர் தெருவில், 1930இல் தொடங்கிய, மீன் டப்பா விற்கும் கான்செர்வெய்ரா டி லிஸ்போவா இருக்கிறது. நான் கேட்டது இரண்டே டப்பா. அந்தம்மாள் அவற்றைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தூக்கிப் போக ஒரு வளையமும் முடிந்து கொடுத்தார். இரண்டு டப்பாவுக்கு அத்தனை மரியாதை.

ருவா டோ கார்மோவில் உள்ள லுவாரியா உலிசெஸ் 1925இல் தொடங்கிய கையுறைக் கடை. இரண்டு பேர் நின்றால் கடை நிரம்பிவிடும், மற்றவர்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். முழங்கையைக் கவுண்டர் மேலிருந்த சின்ன மெத்தையில் ஊன்றச் சொன்னார்கள். மரக் கவ்வி ஒன்றைக் கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் விட்டு விரித்து, பவுடர் தூவி, நம் ஊர் வளையல்காரர் வளையல் ஏற்றுகிற அதே பக்குவத்தோடு என் கையில் ஏற்றினார்கள். சென்னை வெயிலில் தோல் கையுறை எதற்கு என்று என் அக்கா இன்றுவரை கேட்கிறார். விலையைச் சொன்னால் இன்னொரு கேள்வியும் வரும்.

சாப்பாட்டுக்கும் கவுண்டர்தான். தாஷ்கா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அன்றைய சமையலைக் கையால் எழுதி வாசலில் ஒட்டியிருப்பார்கள். தனி ஆளைக் கவுண்டர் ஓரம் உட்காரச் சொல்வார்கள். முழு அளவு இருவருக்குக் காணும் என்பதால் 'மெயா டோஸ்' என்று பாதி கேட்கலாம். கேட்காமலே வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும், தொட்டால் காசு. வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள், யாரும் கோபிப்பதில்லை. 1840இல் தொடங்கிய 'அ ஜின்ஜின்யா'வில் உட்காரவே இடம் கிடையாது. புளிப்புச் செர்ரி மது, சின்னக் கிளாஸ், ஒரே கேள்வி: பழத்தோடா, பழமில்லாமலா? போர்ச்சுகீசிய மொழியில் நான் தடுமாறாமல் பதில் சொன்ன ஒரே கேள்வி அது.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு என் சிபாரிசு எடுபடாது. கீரை சூப் என்று வாங்கினால்கூட அடியில் ஒரு துண்டு தொத்திறைச்சி கிடக்கும். நான் மீன் சாப்பிடுகிறவள் என்பதால் இந்தச் சங்கடத்தை அதிகம் அனுபவித்ததில்லை.

இன்னொன்று, பழைய பட்டியலை நம்பிப் போகாதீர்கள். 2012இல் போர்ச்சுகல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்திய பிறகு, பல காலம் ஏறாமலிருந்த வாடகைகள் ஏறி, பழைய கடைகள் பல மூடின. ஒரு தோழி எழுதிக் கொடுத்த ஐந்து கடைகளில் இரண்டு இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். 2015இல் நகராட்சி 'வரலாறுள்ள கடைகள்' என்று ஒரு திட்டம் தொடங்கி, மிஞ்சியவற்றைப் பட்டியலிட்டு வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது உத்தமம். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு போகாதீர்கள். பழைய கடைகள் பலவும் ஷட்டரை இறக்கிவிடும், திங்கள் காலைதான் திறக்கும். வாரக் கடைசி மட்டுமே கிடைக்கும் என்றால் நானே பாரிஸைத்தான் சொல்வேன்.

இருவராகவோ நால்வராகவோ போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்பது சந்தேகமே. பாரிஸில் எனக்குக் கிடைக்காத மேசை அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.