ஜம்போ கிட்டாரில் கட்டைவிரல் ப்ளூஸ்: கொடைக்கானல் ஈரத்தில் இரண்டு ஆண்டுகள்

பெரிய உடல் கொண்ட கிட்டார், விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் ப்ளூஸுக்கு (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை) ஒத்துவராது என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. ப்ளூஸ் மேதை ராபர்ட் ஜான்சன் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தில் அவர் கையில் இருப்பது கிப்சன் எல்-1 என்னும் சிறிய கிட்டார்தான். விரல் பட்டாலே பேசுவது சிறிய உடல், பெரியதை எழுப்பத் தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அதைப் பாதி நம்பிக்கொண்டேதான் எபிஃபோன் நிறுவனத்தின் இஜே-200எஸ்சிஇ என்னும் ஜம்போவை (மிகப் பெரிய உடல் கொண்ட கிட்டார்) வாங்கி, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன்.

இதன் மூலவடிவம் கிப்சன் நிறுவனம் 1937-இல் உருவாக்கிய சூப்பர் ஜம்போ. இடுப்புக்குக் கீழே ஏறக்குறைய 17 அங்குல அகலம். தொடக்கத்தில் முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட் மரத்தில் செய்யப்பட்டன; இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேப்பிள் மரத்துக்கு மாறின. எபிஃபோனும் மேப்பிள்தான். ப்ளூஸ் வாசிப்பவருக்கு இந்த மாற்றம் சிறிய செய்தியன்று. ஈ சுருதியில் 12 பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் வாசிக்கும்போது கட்டைவிரல் மிகத் தடித்த ஆறாவது தந்தியை இடக்கை விரல் அழுத்தாமல் அடித்துக்கொண்டே வந்து, ஐந்தாவது பாரில் ஏ-வுக்குத் தாவுகிறது. ரோஸ்வுட் முதுகுள்ள பெரிய கிட்டாரில் பழைய ஈ அடங்காமல் நின்று, புதிய ஏ-வின் மேல் சேறு பூசிவிடும். மேப்பிளில் அந்த நாதம் சீக்கிரம் வறண்டு விடுகிறது. உடல் பெரிதாக இருந்தும் ஒலி வழிந்தோடாததற்குக் காரணம் இதுவே. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும்போல, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாகத் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன.

ப்ளூஸ் கலைஞர் ரெவரெண்ட் கேரி டேவிஸ் இந்தச் சூப்பர் ஜம்போ வகையான ஜே-200 வாசித்தவர் என்பதை என்னை எச்சரித்த நண்பர்கள் எவரும் சொல்லவில்லை. 1896-இல் தெற்குக் கரோலினாவில் பிறந்து, பார்வையில்லாமல், நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் பாடிப் பிழைத்த அவர், கட்டைவிரல், சுட்டுவிரல் என்னும் இரண்டைக் கொண்டே அத்தனையையும் வாசித்தார். தம் கிட்டாரை ‘மிஸ் கிப்சன்’ என்று அழைத்தார். தெருவின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டியவருக்குப் பெரிய உடல் ஒரு தேவையாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் மேப்பிள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. வலது உள்ளங்கையின் அடிப்பகுதியை, தந்திகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜின் மேல் மெல்லச் சாய்த்து, தடித்த தந்திகளைப் பாதி அடக்கித்தான் வாசிக்க வேண்டும். இங்கேதான் அளவு சோதிக்கிறது. வலக்கால் தொடையில் வைத்தால் தோள்பட்டை தூக்கிக்கொள்கிறது. மார்கழியில் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டவருக்குக் கை பிரிட்ஜை எட்டுவதே பாடு. கிளாசிகல் முறையில் இரு கால்களுக்கும் நடுவே, இடக்காலடியில் ஒரு மணை வைத்து உட்கார்ந்தபின்தான் எனக்கு மணிக்கட்டு வலி நின்றது.

கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் நட்டின் அகலம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். விரல் தடித்தவர்கள் 44.5 உள்ளதைத் தேடுவது நல்லது. ஒலிபெருக்கிக்கு ஒலியை அனுப்பும் பிக்கப் வேலை செய்கிறது. வீட்டுக்குள் வாசிப்பவனுக்கு அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் சன்னல் வழியே அறைக்குள் வந்து உட்காரும் இவ்வூரில் அந்த எண்ணை நினைத்துப் பெருமூச்சுதான் விட முடியும். கிட்டாரின் முகப்பான ஸ்ப்ரூஸ் மரப்பலகை ஈரம் குடித்து வயிறு புடைக்கிறது, அதோடு பிரிட்ஜும் தந்திகளும் உயர்கின்றன. அகன்ற பலகை என்பதால் ஜம்போவில் இது கண்ணுக்கே தெரிகிறது. முதல் மழைக்காலத்தில், கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் 12-ஆவதான ஃப்ரெட்டுக்கு மேல் 2.5 மில்லிமீட்டராக இருந்த ஆறாவது தந்தியின் உயரம் மூன்றரையைத் தொட்டது. பதறிப்போய்க் கீழே சமவெளியில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் கேள்வி ஏதும் கேட்காமல், பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான சேடிலை இழைத்துத் தாழ்த்திவிட்டார்கள். மாசியில் காற்று உலர்ந்து பலகை பழையபடி இறங்கியதும், கட்டைவிரல் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரைந்தது. குற்றம் கிட்டாருடையதன்று. பாதி என்னுடையது.

இப்போது கெட்டிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைக்கிறேன். வெயில் வராத வாரங்களில் அந்த மணிகளைப் பையிலிருந்து கொட்டி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வறுத்து ஈரம் போக்குகிறேன். சேடில் இரண்டு வைத்திருக்கிறேன்: இழைத்தது மழைக்கு, புதிதாகச் செய்த உயரமானது கோடைக்கு. தந்திகளைத் தளர்த்தி மாற்றப் பத்து நிமிடம் ஆகும். எது எது என்று குழம்பாமலிருக்க, ஒன்றின் அடியில் ‘ஐப்பசி’ என்றும் மற்றதில் ‘மாசி’ என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.