ஹண்டிங்டன் சிஏஜி சோதனை: எண்ணத் தெரியும், நாள் குறிக்கத் தெரியாது

ஹண்டிங்டன் நோய் (மூளை நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோய்) உள்ள குடும்பங்களுக்கு நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கும் சோதனை இது. 4-ஆம் குரோமோசோமில் உள்ள எச்டிடி மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவதுதான் வேலை. 26 வரை இயல்பு. 27 முதல் 35 வரை உள்ளவருக்குப் பொதுவாக நோய் வராது. ஆனால் பிள்ளைக்குப் போகும்போது, குறிப்பாகத் தந்தை வழியில், சிஏஜி வரிசை நீண்டுவிடலாம். 36 முதல் 39 வரை நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தொட்டால், இயல்பான ஆயுளுக்குள் நோய் வந்தே தீரும்.

இதற்குப் பதிலாக எக்ஸோம் சோதனை (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) செய்து, "மாற்றம் எதுவும் இல்லை" என்ற அறிக்கையை நம்பிவிடாதீர்கள். டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் அந்த முறை, ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நீளத்தைக் கோட்டைவிடும்.

ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் இடிடிஏ சேர்த்த குழாயில் எடுக்க வேண்டும். உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெபாரின், டிஎன்ஏ துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். அறிக்கையில் இரண்டு எண்கள் வர வேண்டும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் இரண்டு பிரதிகளும் ஒரே நீளமாக இருக்கலாம். அல்லது மிக நீண்ட பிரதி பெருகாமலே விடுபட்டிருக்கலாம். நீண்ட பிரதி இருந்தால் காட்டிக்கொடுக்கும் டிரிப்லெட் பிரைம்டு பிசிஆர் செய்து இதைத் தீர்த்தார்களா என்று கேளுங்கள். செய்யாமல் "இயல்பு" என்று எழுதிய அறிக்கையை ஏற்க வேண்டாம்.

இன்னொரு குறை நுட்பமானது. பெரும்பாலானோரிடம் சிஏஜி வரிசையின் கடைசியில் சிஏஏ ஒன்று குறுக்கிடும், அதன் பின் இன்னும் ஒரு சிஏஜி வரும்; இந்த இரண்டும் எண்ணில் சேராது. சோதனை துண்டின் மொத்த நீளத்தை அளந்து, அந்தக் குறுக்கீடு இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எண்ணைச் சொல்கிறது. சிலரிடம் சிஏஏ இருக்கும் இடத்திலும் சிஏஜியே இருக்கும். அப்போது 38 என்று வரும் அறிக்கைக்குப் பின்னால் உண்மையில் 40 தடையற்ற சிஏஜிகள் இருக்கும். நோய் தொடங்கும் வயதை அதிகம் பாதிப்பது இந்தத் தடையற்ற நீளமே. 36–39 வரம்பில் எண் வந்தால் வரிசைமுறையையும் படித்துத் தரச் சொல்லுங்கள்.

எண்ணைப் பார்த்து "எந்த வயதில் வரும்?" என்று கேட்பதில் பயனில்லை. ரத்தத்தில் 42 இருந்தாலும், மூளையின் ஸ்ட்ரையாட்டம் பகுதி நரம்பணுக்களில் அது வாழ்நாள் முழுக்க நீண்டுகொண்டே போகும். டிஎன்ஏ பழுதுபார்க்கும் எம்எஸ்எச்3 புரதம் அந்த நீட்சியைத் தூண்டும், எஃப்ஏஎன்1 என்ற இன்னொரு புரதம் அடக்கும். இவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஒரே எண் உள்ள இருவருக்குப் பல ஆண்டு இடைவெளியில் நோய் தொடங்கலாம். இதை வைத்து வயதைக் கணித்துத் தருவதாகச் சொல்லும் இடத்துக்கு எங்கள் மதிப்பீடு பூஜ்யம்.

அறிகுறி இல்லாதவர், சோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரோடு பேச வைக்கும் சேவையையே தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவை வாங்காமலே விலகும் உரிமை கடைசி நிமிடம் வரை இருக்க வேண்டும். அறிகுறி இல்லாத சிறுவர்களின் ரத்தத்தை ஏற்க மறுக்கும் ஆய்வகத்தை நம்பலாம்.