பிஎம்எம்ஏ நுண்துளை ஒளியிழை: யாருக்கு, எதற்கு?

பிஎம்எம்ஏ என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் நீளவாக்கில் நுண்துளைகள் ஓடும் ஒளியிழை இது. தரவு அனுப்புவதற்கென்று இதை வாங்கினால் காசுக்குத்தான் கேடு. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் சில மீட்டர் தூரத்துக்குச் சமாளித்துவிடும். தொலைத்தொடர்பு அலைநீளமான 1550இல் ஒரு சென்டிமீட்டருக்கே ஏறத்தாழ ஒரு டெசிபல், அதாவது ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு, காணாமல் போகும். பிராக் கிரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும் வரிகள்) எழுதிய உணரியைக்கூட (சென்சார்) 850 நானோமீட்டர் பக்கம் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

உணரி என்று வந்துவிட்டால் கதையே வேறு. வழக்கமான கண்ணாடி இழையின் பொருளான சிலிக்காவின் விறைப்பு 72 கிகாபாஸ்கல், இதற்கு 3தான். அதே தடிமனில், அதே விசைக்கு இருபது மடங்குக்கு மேல் நீளும். துணியிலோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலோ பதித்தால் அதை விறைக்க வைக்காமல் கூடவே நீண்டு கொடுக்கும்.

2001இல் சிட்னிப் பல்கலைக்கழகக் குழு முதன்முதலில் அறிவித்த வகை இது. ஒளியை மையத்துக்குள் அடைத்து வைக்கும் உறைக்கு வேறு பிளாஸ்டிக் கிடையாது. மையத்தைச் சுற்றியுள்ள துளைகள்தான் உறை. துளையின் விட்டம், துளைக்குத் துளை உள்ள தூரத்தில் 0.4 பங்கைத் தாண்டாவிட்டால் எந்த அலைநீளத்திலும் சிங்கிள் மோடுதான், அதாவது ஒளி ஒரே வடிவில் மட்டும் பயணிக்கும். அந்த விகிதத்தைக் கடைசிவரை காப்பாற்றுவதுதான் பாடு.

60 மி.மீ. விட்டமுள்ள பிஎம்எம்ஏ உருளையில், 5 மி.மீ. இடைவெளியில், 2 மி.மீ. துளைகள் மூன்று வளையமாக 36 போடுவதாக வைத்துக்கொள்வோம். உலையில் இளக்கி இழுத்தால், முதல் இழுப்பில் அது 6 மி.மீ. கம்பியாகும். அதை 12 மி.மீ. குழாய்க்குள் செருகி மறுபடி இழுத்தால் 150 மைக்ரோமீட்டர் இழை, துளை 2.5 மைக்ரோமீட்டர். மொத்தம் 800 மடங்கு சுருக்கம். உருளையில் டிரில் எவ்வளவு கோணினாலும் அந்தக் கோணல் அதே விகிதத்தில் இழைக்குள் வந்து உட்காரும். டிரில்லை ஒரே மூச்சில் இறக்கினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிச் சுவரில் அப்பிக்கொள்ளும், அந்தச் சுவர் ஒளியைச் சிதறடிக்கும். கொஞ்சம் இறக்கி, தூக்கி, துகளை வெளியேற்றி, குளிர்வித்துத்தான் போட வேண்டும்.

அடுத்த வில்லன் ஈரம். பிஎம்எம்ஏ தன் எடையில் சுமார் 2 சதவீதம் வரை நீரை உறிஞ்சும். 80 முதல் 90 டிகிரி அடுப்பில் நாள்கணக்கில் உலர்த்தாமல் உலையில் ஏற்றினால் அந்த நீர் குமிழாகிவிடும். உலை அதிகம் சூடானால் பரப்பு இழுவிசை சின்னத் துளைகளை மூடிவிடும்; சூடு போதாவிட்டால் இழை அறும். இரண்டுக்கும் நடுவே, சற்றுக் குளிர்ந்த பக்கமாக இழுத்த இழையில் துளை வடிவம் நன்றாக நிற்கும். ஆனால் இறுக்கம் உள்ளேயே உறைந்திருக்கும். பின்னால் சூடு பட்டதும் அது சுருங்க, கிரேட்டிங்கின் அலைநீளமும் நகரும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது: உருளையை எத்தனை நாள் உலர்த்தினீர்கள், இழுத்தபின் இழைக்கு அனீலிங் (இறுக்கம் தளர இதமாகச் சூடாக்குதல்) உண்டா, சுருளின் இரு முனைகளின் வெட்டுமுகப் படமும் தருவீர்களா. ஒரு முனைப் படம் மட்டும் வந்தால் ஏமாற வேண்டாம். மற்ற முனையில் துளைகள் சுருங்கியிருக்கலாம்.

கைக்கு வந்தபின் சிலிக்கா கட்டரைத் தொடாதீர்கள். புது பிளேடையும் இழையையும் சேர்த்து 80 டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாக அழுத்தி வெட்டுங்கள். குளிர்ந்த இழையில் விரிசல் ஓடும். அதிகம் சூடானால் பிளாஸ்டிக் இழுபட்டுத் துளைகளை மூடும். பாலிஷ் போட்டால் தூள் துளைக்குள் அடைத்துக்கொள்ளும். அசிட்டோன் பக்கமே போகக்கூடாது, இழையே கரையும். கனெக்டரில் ஒட்டும் பசை நீராக இருந்தால் துளைகளுக்குள் தானே ஏறிவிடும். அங்கே காற்று போனால் உறையும் போயிற்று, ஒளி வெளியே கசியும். கெட்டியான பசையே தேவை, முனையில் படாமல்.

ஈரப்பதம் ஏறி இறங்கும் இடமென்றால் பிஎம்எம்ஏவை விட்டுவிட்டு டோபாஸ் என்ற வேறு பிளாஸ்டிக் இழைக்குப் போகலாம். நீரை அநேகமாகத் தொடவே தொடாது. ரகத்தைப் பார்த்து வாங்குங்கள்: 8007 சுமார் 78 டிகிரியிலேயே இளகும், 5013 சுமார் 134 வரை தாங்கும்.