நண்டு பிரிக்கும் இயந்திரத்தை அசைய வைக்க எந்த வழி நல்லது?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்க ஒரு இயந்திரம் வரைந்திருந்தாள். பச்சை கிரேயானில் ஒரு பெட்டி, அதிலிருந்து எட்டுக் கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கொக்கி. எட்டில் இரண்டு கை மட்டும் சிவப்பு. அந்தப் படத்துக்கு உயிர் கொடுக்க என்னென்ன வழி இருக்கிறது என்று தேடியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வீட்டில் இப்படி வரையும் பிள்ளை இருந்தால் உதவும்.

பலரும் முதலில் சொல்வது அனிமேட்டட் டிராயிங்ஸ். மெட்டா நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. 2023-இல் அதன் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். படத்தை ஏற்றினால் உருவத்தைத் தனியே பிரித்து, தோள், முழங்கை, முட்டி என்று மூட்டுகளைக் குறித்து, நிஜ மனிதர்களின் அசைவை அதன்மேல் ஏற்றும். அப்பா, அம்மா, ராஜா, ராணி என்று வரைந்த பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் அது மனித உருவத்துக்காகச் செய்த கருவி. எட்டுக் கைப் பெட்டியில் முட்டியை எங்கே குறிப்பது? கண்டுபிடிப்புப் படங்களுக்கு இது பொருந்தாது.

அடுத்தது, ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் சில நொடி வீடியோவாக மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். என் கணக்கில் ஒன்றை முயன்றோம். பார்க்க அழகாகவே இருந்தது. தண்ணீர் தெறித்தது, நண்டு பளபளத்தது. கிரேயான் கோடுகளைத்தான் காணவில்லை. எட்டுக் கை நடுவில் ஆறாகி, கடைசியில் எத்தனை என்றே எண்ண முடியவில்லை. அவள் கவலை வேறு.

“இப்புடி வெடுக்குனு இழுத்தா காலு ஒடைஞ்சிடும்க்கா. காலு ஒடைஞ்ச நண்டு வெல போவாது.”

அப்போதுதான் சிவப்புக் கைகள் எதற்கு என்று கேட்டேன். அவை வலையைப் பிடித்துத் தளர்த்துமாம். மற்ற ஆறு கைகளும் நண்டின் கால்களை ஒவ்வொன்றாக விடுவிக்குமாம். அவளுடைய கண்டுபிடிப்பே அந்த வரிசையில்தான் இருக்கிறது. அது தாளில் இல்லை, அவள் தலைக்குள் இருக்கிறது. படத்தை மட்டும் பார்க்கும் எந்தச் செயலிக்கும் அது தெரிய வழியில்லை.

ஸ்கிராட்ச் நல்ல வழிதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். கைகளைத் தனித்தனியாக ஏற்றி, எது எப்போது திரும்ப வேண்டும் என்று கட்டளைக் கட்டங்களை அடுக்கிச் சொல்லலாம். ஆனால் கணினியோ டேப்லெட்டோ வேண்டும், பழக நாளாகும். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரி.

நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்டது ஸ்டாப் மோஷன். வெட்டியெடுத்த கைகளைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு போட்டோ எடு, மறுபடி நகர்த்து. எல்லாப் போட்டோவையும் வேகமாக ஓட்டினால் படம் அசைவது போலத் தெரியும். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம். பிள்ளைகளுக்கு 8 போதும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ மாதிரி ஒரு ஆப் இருந்தால், முந்தைய படம் மங்கலாகத் தெரியும்; எவ்வளவு நகர்த்தினோம் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சில விஷயங்களை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் படத்தை வெட்டவே கூடாது. கலர் ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். மூட்டுக்கு ஊசியால் ஓட்டை போட்டு, நூல் கோத்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டால் கை நன்றாகத் திரும்பும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி டியூப்லைட்டில் எடுங்கள். வெளியே மேகம் வந்து போனாலே படம் மின்னி மின்னித் தெரியும். செல்போனை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே பாலம் மாதிரி கவிழ்த்து வைத்தால் ஸ்டாண்டு தேவையில்லை.

வலைக்கு அவளே வீட்டிலிருந்து ஒரு கிழிந்த நைலான் துண்டு கொண்டுவந்தாள். சிவப்புக் கைகள் அதைப் பிடித்துத் தூக்கின. ஒவ்வொரு காலும் வெளியே வர எட்டுப் போட்டோ, பத்துக் காலுக்கு 80, வலையைத் தூக்க 16. மொத்தம் 12 நொடி. போட்டுப் பார்த்தபோது ஆறாவது காலில் நிறுத்தச் சொன்னாள்.

“இங்க காலு மடங்குதுக்கா, பாரு.”

அந்த எட்டுப் போட்டோவையும் அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம்.