அப்டேட் போட்ட பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப எந்த வழி மேல்?

"அப்டேட் போட்டதிலிருந்து போன் சரியில்லை. பழையபடியே மாற்றிக் கொடுங்கள்." பழைய வண்ணாரப்பேட்டையில் போன் பழுது பார்க்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். சார்ஜ் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது, கீபோர்டு வரத் தாமதமாகிறது, கேமராவைத் திறந்தால் கறுப்புத் திரை நிற்கிறது என்று ஆளுக்கொரு குறை சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை நேற்று இருந்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்வது முழுக்க முழுக்க நியாயம். ஆனால் அது நடக்குமா என்பது எந்த நிறுவனத்தின் போன், எந்த மாடல், அப்டேட் போட்டு எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்தது.

இருக்கிற வழிகள் நான்கு. நிறுவனமே திறந்து வைத்திருக்கும் வழி, கடையில் கொடுத்து பழைய பதிப்பின் ஃபைலை ஏற்றும் வழி, பூட்லோடரை (போன் எழும்போது எந்த இயங்குதளத்தை ஏற்கலாம் என்று பார்க்கும் காவல் நிரலை) திறந்து வேறு இயங்குதளமே போட்டுக்கொள்ளும் வழி, புதிய பதிப்பிலேயே இருந்துகொண்டு போனுக்கு வைத்தியம் பார்க்கும் வழி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு நான்காவது வழிதான் நல்லது. முதல் வழி திறந்திருக்கும் நாட்களில் மட்டும் அதை முயலலாம். இரண்டாவதை யோசித்துச் செய்ய வேண்டும். மூன்றாவது, இன்னொரு போன் கைவசம் உள்ளவர்களுக்கு.

இதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். ஃபேக்டரி ரீசெட் செய்தால் போன் வாங்கிய அன்றைய பதிப்புக்குப் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போகாது. ரீசெட் அழிப்பது உங்கள் படங்களையும் ஆப்களையும் அமைப்புகளையும்தான். இயங்குதளம் இருக்கும் பகுதியை அது தொடுவதில்லை. அப்டேட் வந்தபோதே அந்தப் பகுதி புதியதாகிவிட்டது. ரீசெட் முடிந்ததும் அதே புதிய பதிப்பு, காலி போனாக எழுந்து நிற்கும். பேக்கப் எடுக்காமல் இதைச் செய்துவிட்டுக் கண்கலங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழியில் ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு விதமாகப் பூட்டப்பட்டவை. ஐபோனில் பூட்டு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. கணினியில் இணைத்து ஒரு பதிப்பை ஏற்றும்போது, போன் தன் சிப்பின் தனி எண்ணை ஆப்பிளுக்கு அனுப்புகிறது. அந்த எண்ணுக்கும் அந்தப் பதிப்புக்கும் சேர்த்து ஆப்பிள் மின்னணுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால்தான் வேலை நகரும். 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. புதிய பதிப்பு வெளியானபின் பொதுவாக ஓரிரு வாரத்தில் பழைய பதிப்புக்குக் கையெழுத்துப் போடுவதை ஆப்பிள் நிறுத்திவிடும். அதன்பின் பழைய ஃபைல் உங்கள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே ஐபோன்காரர்களுக்கு நாள்தான் முக்கியம். அப்டேட் போட்ட வாரத்திலேயே பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அன்றே முடிவெடுக்க வேண்டும். அதிலும் ஒரு முள் இருக்கிறது: புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப் பழைய ஐஓஎஸ்ஸில் ஏறாது. அப்டேட்டுக்கு முன்பே கணினியில் பேக்கப் எடுத்து வைத்தவருக்குத்தான் திரும்பிப் போவது முழுமையாகக் கைகூடும்.

2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, ஐஓஎஸ் 14லேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆப்பிள் ஒரு வழி கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரிக்குள் அதை மூடிவிட்டார்கள். வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவோ உபயோகமான ஏற்பாடு அது. அதைத் தொடராமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆண்ட்ராய்டில் பூட்டு போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் கூகுள் கொண்டுவந்த சரிபார்ப்பு முறையில், அழிக்க முடியாத ஒரு சேமிப்பிடத்தில் ஓர் எண் இருக்கும். பாதுகாப்பு ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு வரும்போது அந்த எண் கூடலாம். கூடிய எண் குறையாது. அதைவிடச் சிறிய எண்ணோடு வரும் இயங்குதளத்தைப் போன் ஏற்க மறுக்கும். ஆனால் எல்லா அப்டேட்டும் அந்த எண்ணைக் கூட்டுவதில்லை. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இருக்கும் வாய்ப்பு அந்த இடைவெளிதான்.

பிக்சல் போன்களுக்குப் பழைய பதிப்புகளைக் கூகுளே தன் தளத்தில் வைத்திருக்கிறது. பூட்லோடரைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். அங்கும் விதிவிலக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ ஆகிய மூன்றிலும் அந்த எண்ணைக் கூட்டியது. போட்டவர்கள் ஆண்ட்ராய்டு 12க்குத் திரும்ப முடியாமல் போனது. ஆனால் கூகுள் அதை முன்கூட்டியே எழுத்தில் சொன்னது. ஒப்போ, ரியல்மி நிறுவனங்கள் சில மாடல்களுக்கு ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்குத் திரும்பும், தொகுப்புகளைத் தாங்களே வெளியிட்டிருக்கின்றன. தரவு அழியும் என்றாலும், சாமானியர் கையாளக்கூடிய வழிகளில் இதுதான் சிறந்தது. உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று இருந்தால் வேறெங்கும் அலைய வேண்டாம்.

இனி கடை வழி. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரிலும் எம்.சி. ரோடு பக்கத்துச் சந்துகளிலும் இதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என் தொழிலே அது என்பதால் அவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்களாலும் சிப்பில் இருக்கும் எண்ணைக் குறைக்க முடியாது. சாம்சங் போனில் இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய், சாஃப்ட்வேர் விவரத்தில் பில்ட் நம்பரைப் பாருங்கள். நீளமான எழுத்துக்கோவையின் கடைசி ஐந்தில் முதலாவதாக நிற்பதுதான் எண். கடைக்காரர்கள் அதை 'பிட்' என்பார்கள். உங்கள் போனில் அது 5 ஆக இருந்து, ஏற்ற நினைக்கும் பழைய ஃபைலிலும் 5 ஆக இருந்தால் வேலை நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபைலில் 4 என்றால், நீலப் பச்சை டவுன்லோடு திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் சிவப்பாக ஒரு வரி வரும்: டிவைஸ் 5, பைனரி 4, சோதனை தோல்வி. எந்தக் கடைக்குப் போனாலும் அதே வரிதான். கேபிளை மாற்றினாலும் கணினியை மாற்றினாலும் மாறாது.

பிட் ஒத்துப்போய், நிறுவனத்தின் அசல் ஃபைலையே ஏற்றினால் சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகாது. தரவு மட்டும் போகும். ஏற்றி முடித்ததும் போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். போன் வாங்கிய கடையிலேயே யாரோ ஒரு ஜிமெயிலைத் திறந்து கொடுத்து, அதன் பாஸ்வேர்டு இன்றுவரை தெரியாதவர்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு நல்ல போன் பூட்டிய போனாகிவிடும். முதலில் அந்தக் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

ஷாவ்மி போன்களில் ஆபத்து இன்னும் கூடுதல். சாம்சங் மறுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஷாவ்மியின் ரெட்மியில் சில மாடல்கள் செத்தே போகும். 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் பின்னோக்கிப் போகத் தடை வந்தபோது, தெரியாமல் பழைய பதிப்பை ஏற்றியவர்களின் போன்கள் உயிரிழந்தன. பின்மூடியைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள பொடிப் புள்ளிகளை ட்வீசரால் தொட்டுப் பிடித்தபடி கேபிளைச் செருகி எழுப்புகிற முறை இருக்கிறது. அதற்கும் நிறுவனம் அனுமதித்த கணக்கு தேவை. ஆகவே ரெட்மியைக் கொடுக்கும்முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: ஏற்றப்போகும் ஃபைல் எந்தப் பதிப்பு, ரோல்பேக் தடை இருக்கிறதா என்று பார்த்தீர்களா, போன் எழவில்லை என்றால் யார் பொறுப்பு? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லீனியேஜ் ஓஎஸ் போன்ற இயங்குதளங்கள் நல்லவை. நிறுவனம் கைவிட்ட போனுக்கும் அவை உயிர் கொடுக்கின்றன. ஆனால் பூட்லோடரைத் திறந்த போனைப் பல வங்கி ஆப்கள் நம்பாது. சில வீடியோ ஆப்கள் படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். சாம்சங்கில் நாக்ஸ் ஃப்யூஸ், அதாவது இப்படி மாற்றியதைச் சிப்பிலேயே பதிந்துவைக்கும் அடையாளம், நிரந்தரமாக எரிந்துவிடும். பாதுகாப்புக் கோப்புறையும் பணப்பை ஆப்பும் அந்தப் போனில் பிறகு வரவே வராது. ஷாவ்மியில் பூட்லோடர் திறக்க ஒரு காலத்தில் 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய புதிய இயங்குதளமான ஹைப்பர் ஓஎஸ் வந்தபின் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகிவிட்டன. வியாசர்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவர் தன் பழைய போனில் கற்றுக்கொள்ளச் செய்கிறார் என்றால் நானே உட்கார்ந்து சொல்லித் தருவேன். ஒரே போனில் யுபிஐ வைத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழிக்கு வருகிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா, அப்டேட்டுக்குப் பிறகு போன் நின்று நின்று ஓடுகிறது என்று கொண்டுவந்தார். பழைய பதிப்பு ஏற்றினால் எல்லாம் அழியும் என்றதும் போனைச் சட்டென்று திரும்ப வாங்கிக்கொண்டார். "வேண்டாம் தம்பி, யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் நான் பேசி வைத்ததுதான்" என்றார். குரல் பதிவுகளாக ஒரு கடன் நோட்டே உள்ளே இருந்தது. அதைப் பேக்கப் எடுத்துவிட்டுப் பார்த்தால், சேமிப்பிடத்தில் இடமே இல்லை. பின்மூடி ஓர் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. பேட்டரி உப்பியிருந்தது. வேண்டாத வீடியோக்களை நீக்கி, பேட்டரி மாற்றியதும் அதே புதிய பதிப்பில் போன் ஒழுங்காக ஓடியது.

அப்டேட் பழியை ஏற்கிறது, பல சமயம் பேட்டரிதான் காரணம். ஆப்பிளின் கதையிலேயே இது இருக்கிறது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமலிருக்க வேகத்தைக் குறைத்தது. வாடிக்கையாளரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள். பேட்டரி மாற்றியவர்களின் போன் பழைய வேகத்துக்கு வந்தது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுழற்சிகளில் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுழற்சி. இந்த அளவைத் தாண்டிய போனுக்குப் பழைய பதிப்பைத் தேடி அலைவதைவிட பேட்டரி மாற்றுவதே மேல்.

எனவே வரிசை இதுதான். அப்டேட் போட்ட முதல் சில நாட்கள் பொறுங்கள். உள்ளே படங்களையும் ஆப்களையும் போன் மறுபடி ஒழுங்குபடுத்துவதால் சூடும் மந்தமும் இருக்கும். பிறகு ஆப்களைப் புதுப்பியுங்கள், இடம் காலி செய்யுங்கள், பேட்டரியைச் சோதியுங்கள். அடுத்த சிறு திருத்தம் வரும்வரை பாருங்கள். கடைசியாகத்தான் பேக்கப்போடு ரீசெட். திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டதென்றால் இந்த வரிசை உதவாது, பழைய பதிப்பும் உதவாது. அது திரையின் கோளாறு. இந்தியாவில் சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு அதை இலவசமாக மாற்றிக் கொடுத்திருப்பதால், காசு கொடுக்கும்முன் அதிகாரபூர்வ சேவை மையத்தில் கேட்டுவிடுங்கள்.

பூட்டே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பஸ் நெரிசலில் பறிபோன போனில் ஓட்டை உள்ள பழைய பதிப்பை ஏற்றிப் பூட்டை உடைக்க முடியுமானால், நம் வங்கிக் கணக்கு திருடன் கையில். அந்தக் காவல் வேண்டும். ஆனால் திரும்ப முடியாது என்பதை அப்டேட் பொத்தானுக்கு மேலேயே, தமிழில், பெரிய எழுத்தில் சொல்லாதது அநியாயம். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. போனை மந்தமாக்கிய அப்டேட்டுகளைத் தள்ளிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப வழி தரவில்லை என்பதும் அந்தக் குற்றச்சாட்டில் இருந்தது. அப்டேட் வேகத்தைக் குறைக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாததற்காக 2020இல் பிரான்ஸ் ஆப்பிளிடம் 2.5 கோடி யூரோ வாங்கியது. நமக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால், நாம் குடியிருக்கும் பகுதிக்கு உரிய சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த வீடியோ, சேவை மையம் எழுதிக் கொடுத்த வேலைச் சீட்டு இரண்டும் கையில் இருந்தால் வழக்குக்குப் பலம்.

அடுத்த அறிவிப்பு வரும்போது தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைத்து வையுங்கள். பெரிய பதிப்பு என்றால் முதல் திருத்தம் வரும்வரை காத்திருங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பொத்தானை அழுத்தும் முன் பில்ட் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, கணினியில் ஒரு பேக்கப் எடுத்து, கூகுள் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். எங்கள் கடைக்கு வந்தால் நாங்கள் முதலில் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.