முதல் வீடு: கட்டுமானத்தில் இருக்கும் புது பிளாட்டா, பத்து வயதான பழைய பிளாட்டா?

சென்னையில் முப்பதை ஒட்டிய வயதில் முதல் வீடு தேடுகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஓர் அறை, மின்வண்டிக்கு சார்ஜ் போட வசதி, நாய் வளர்த்தால் தகராறு செய்யாத குடியிருப்போர் சங்கம். 70 லட்சம் கையில் வைத்துத் தேடினால் இரண்டு வழி தெரியும்: ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) எழும்பிக்கொண்டிருக்கும் உயர்மாடிக் குடியிருப்பு. மடிப்பாக்கம் மாதிரி உள்பகுதியில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன மூன்று மாடிக் கட்டடம்.

முதலில் செலவு. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%, அதாவது 3.5 லட்சம். புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7%: 4.9 லட்சம். ஆக 8.4 லட்சம். மறுவிற்பனையில் ஜி.எஸ்.டி. கிடையாது, பதிவுச் செலவு 9%, 6.3 லட்சம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி 80% வரைதான் தரும்; பதிவுச் செலவை வீட்டு விலையில் சேர்க்காது. பழைய வீட்டுக்கே விலையில் 14 லட்சமும் பதிவுச் செலவு 6.3 லட்சமும் சேர்த்துக் கையிலிருந்து 20.3 லட்சம் வேண்டும்.

பலரும் கவனிக்காத இடம் நிலப் பங்கு, அதாவது யு.டி.எஸ். எஃப்.எஸ்.ஐ. என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு. அது 1.5 இருந்த காலத்தில் கட்டிய 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 650 சதுர அடி நிலம் வரும். 2019 விதிகளின்படி உயர்மாடிக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 வரை உண்டு; முழுதும் கட்டினால் அதே அளவு வீட்டுக்குச் சுமார் 300 சதுர அடியே மிஞ்சும். கட்டடம் வருடா வருடம் தேயும், நிலம் தேயாது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அப்போது பேரம் பேச உதவுவது இந்த நிலம்தான்.

வீட்டின் உள்ளளவையும் இதே கண்ணோடு பாருங்கள். நீச்சல்குளம், ஜிம், பெரிய வரவேற்புக் கூடம் எல்லாம் சூப்பர் பில்ட்-அப் கணக்கில், அதாவது பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பில், ஏறுகின்றன. விளம்பரத்தில் இருக்கும் 1,000 சதுர அடியில் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் பரப்பு) 700 ஆகச் சுருங்கினால், முதலில் காணாமல் போவது வேலை அறைதான். ரேரா (வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில் கார்பெட் ஏரியாவைக் காட்டியே ஆகவேண்டும்; சதுர அடி விலையை அதை வைத்து வகுத்துப் பாருங்கள்.

புது வீட்டின் உண்மையான சுமை காத்திருப்பு. 56 லட்சக் கடனில் பாதியை வங்கி விடுவித்ததுமே 8.5% வட்டியில் மாதம் சுமார் 19,800 ரூபாய் கட்டவேண்டும், வாடகையும் தொடரும். புதிய வருமான வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவும் இல்லை. ஒப்பந்தம் பதிவாகும் முன் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரேரா சட்டம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். புது வீட்டின் நியாயமான பலம், கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடம் பில்டர் பொறுப்பு என்பது.

பழைய வீட்டில் சிக்கல் வேறு இடத்தில். விலை 70 லட்சம் என்று பேசியிருப்பீர்கள். வங்கி மதிப்பீட்டாளர் 62 என்று எழுதினால் கடன் 49.6 லட்சம்தான். மீதி 6.4 லட்சத்தை நீங்கள்தான் புரட்டவேண்டும். அதனால் மதிப்பீடு வரும் முன் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடியில் வீடு இருந்தால் வங்கிகள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். விற்பவரின் கடன் அடைந்த பிறகும், வங்கி தரும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் நிற்கும். 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், வரைபட அனுமதி மூன்றையும் வழக்கறிஞர் பார்க்காமல் நகரவேண்டாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1% டி.டி.எஸ். (மூலத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் கடமை.

மின்வண்டி விஷயத்தில் புதுக் கட்டடம் சுலபம். பழையதில் உங்கள் மீட்டரிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை தனி கேபிளும் 16 ஆம்பியர் பிளக்கும் போதும். இரவு முழுக்கப் போட்டால் அன்றாட ஓட்டத்துக்குச் சரியாக இருக்கும். சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், நிறுத்துமிடம் கிரயப் பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவருக்குப் பழைய வீடே மேல் என்பது எங்கள் கருத்து. பெற்றோர் வீட்டில் வாடகையின்றி இருந்து மூன்று வருடம் பொறுக்க முடிந்தால் மட்டும் புதுசு கணக்கில் வரும். எதுவானாலும், பெருமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். கோடையில் வாரத்துக்கு எத்தனை தண்ணீர் லாரி வருகிறது என்று காவலாளியிடம் கேளுங்கள்.